திரையில் ‘போயாச்சு’ என்று இருந்தது

என் மகள் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது நான் ஏன் தெருவுக்கு ஓடினேன்?

அந்த அறையின் கதவு பூட்டியிருக்கவில்லை. ஒருக்களித்துச் சாத்தியிருந்தது, விரலால் தள்ளினாலே திறக்கும். தள்ளிப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை? என் கணவர் இதைக் கேட்டார். அலுவலகத்தில் கேட்டார்கள். பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் நானே கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பதில் சொல்லிப் பார்க்கிறேன். அடுத்த முறை அதுவே சாக்குப்போக்காகத் தெரிகிறது.

நாங்கள் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பெர்மனென்ட் ஆனால் சுரங்க நகரியத்துக்குள் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அது எப்போது என்று யாரும் சொல்வதில்லை. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். நகரியத்தில் ஓர் ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் ஜெனரல் ஷிப்டில் வேலை. மகளுக்கு இரண்டு வயது ஆனதும் அந்த வேலைக்குத் திரும்பப் போனேன். போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து, போனேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. நடத்துகிறவரை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். முன்னறையில் அவருடைய மேசை. அதை ஒட்டித் தூங்கும் அறை. பின்பக்கம் சமையலும் குழாயடியும். உதவிக்கு ஓர் ஆயாம்மா. முதல் தடவை போனபோது மிஸ் இடமே இல்லை என்றார்.

“இருக்கற புள்ளைங்களையே சமாளிக்க முடியலம்மா. யாரு வந்தா, யாரு போனான்னு போர்டுல எழுதி வெச்சா, அதுங்களே வந்து கையால அழிச்சிடுதுங்க.”

மேசையின் ஓரத்தில் துணி போட்டு மூடிய ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அவருடைய மகன் வேலைக்கு வெளியூர் போனபோது விட்டுப்போனதாம். நான் அதைப் பார்த்துக்கொண்டே, “நான் வேணா இதுல ஒரு புரோகிராம் எழுதித் தரட்டுங்களா மிஸ்?” என்றேன். என் மகளுக்கு அன்றே இடம் கிடைத்தது.

எழுத எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கல்லூரி லேபில் எல்லோரும் செய்யும் பயிற்சி அது. திரையில் இரண்டு லிஸ்ட் பாக்ஸ், அதாவது பட்டியல் கட்டங்கள், நடுவே ஒரு பட்டன். இடது கட்டத்தில் பழங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். மாம்பழத்தை மவுஸால் தொட்டால் அந்த வரி நீலமாகும். பட்டனை அழுத்தினால் மாம்பழம் வலது கட்டத்துக்குப் போகும். மாம்பழத்தை எதற்காக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. பரீட்சைக்கு வரும், அவ்வளவுதான்.

காப்பகத்துக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது. இடது கட்டம் ‘உள்ளே’. வலது கட்டம் ‘போயாச்சு’. குழந்தையைக் கூட்டிப் போக ஆள் வந்தால், அதன் வரியைத் தொட்டுப் பட்டனை அழுத்த வேண்டும். வரி வலது பக்கம் போகும், பக்கத்தில் நேரமும் விழும்.

“வரியில குழந்தை பேரு போட்டுடவா மிஸ்?”

“பேரா? பேரெல்லாம் எனக்கு நிக்காதும்மா. பதினாறாம் பிளாக்கு ரெண்டு, இருபத்தொண்ணாம் பிளாக்கு ஒண்ணு, அப்படிச் சொன்னாத்தான் எனக்கு முகமே வரும். ஷிப்டையும் போட்டுடு. எந்த அப்பா எப்ப வருவாருன்னு தெரியணும்ல.”

அப்படியே போட்டேன். நகரியத்துக் குழந்தைகளுக்கு பிளாக் எண் இருந்தது. என் மகளுக்கு இல்லை. ‘மந்தாரக்குப்பம், முதல் ஷிப்ட்’ என்று எழுதினேன். என் கணவருக்கு முதல் ஷிப்ட் இருக்கும் வாரங்களில் ஷிப்ட் விட்டதும் அவரே வந்து கூட்டிப் போவார். மற்ற வாரங்களில் அலுவலகம் முடிந்து நான் வருவேன்.

லிஸ்ட் பாக்ஸில் ஒரு கண்ணி உண்டு. புரோகிராம் ஒவ்வொரு வரியையும் அதன் எண்ணால்தான் அறியும். முதல் வரி பூஜ்யம், அடுத்தது ஒன்று. அக்காவும் தம்பியும் ஒன்றாகப் போகும்போது இரண்டு வரிகளை மேலிருந்து நீக்கினால், முதலாவது போனதும் கீழே இருப்பதெல்லாம் ஒரு படி மேலே ஏறிவிடும், இரண்டாவது தப்பிவிடும். அதனால் கீழிருந்து நீக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். சரியாகவே எழுதினேன். சரியாக எழுதியதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பிறகு மிஸ் ஒரு வசதி கேட்டார். ஷிப்ட் விட்டதும் அந்த ஷிப்ட் குழந்தைகளின் வரிகள் தாமாகவே மேலே வந்தால் தேட வேண்டியதில்லையே என்றார். ஒரு டைமர் வைத்தேன். அது நிமிடத்துக்கு ஒரு முறை கட்டத்தைக் காலி செய்து, நேரம் பார்த்து, வரிகளைப் புதிதாக அடுக்கும். மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம். குழந்தையைச் சேர்க்க வருகிறவர்களிடம் திரையைத் திருப்பிக் காட்டினார்.

ஆயாம்மாவுக்கு மட்டும் ஒரு குறை.

“நான் ஒண்ணத் தொட்டுட்டு புள்ளைய இட்டாரப் போறேன் தாயி. சட்டை மாட்டி, பையக் குடுத்து, வாசல்ல வுட்டுட்டு வந்து பாத்தா நீலம் ஓடிப்போயிருக்குது. எதத் தொட்டேன்னு எனக்கு மறந்தே போவுது.”

கட்டத்தைக் காலி செய்து மறுபடி நிரப்பும்போது தொட்டுவைத்த நீலம் அழிந்துவிடுகிறது என்பது எனக்குப் புரிந்தது. அன்று மகளைக் கூட்டிப் போக வந்தபோதே, அவளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு வரிகள் சேர்த்தேன். காலி செய்யும் முன், நீலம் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று நினைவில் வை. நிரப்பிய பின் அதே வரியில் நீலத்தை வை. கட்டத்தில் வரியே இல்லாவிட்டால் புரோகிராம் தடுமாறும் என்று அதற்கு மட்டும் ஒரு காவல் போட்டேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. ஆயாம்மா காத்திருந்தார், மகள் கீபோர்டை அடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆயாம்மா சிரித்தார். “இப்ப நீலம் ஓடலம்மா. கெட்டியா குந்திக்கினு இருக்குது.”

அடுத்த வாரம் கணவருக்கு முதல் ஷிப்ட். ஷிப்ட் விடும் நேரத்துக்குச் சற்று முன் செக்‌ஷன் போனிலிருந்து அவர் என் அலுவலகத்துக்குப் பேசினார்.

“இன்னொரு ஷிப்டும் இருக்கச் சொல்லிட்டாங்க. ஆளு வரல. நீ போய்ப் பாப்பாவைக் கூட்டிக்க.”

பர்மிஷன் கேட்டேன். “உங்களுக்கு மட்டும் தினம் ஒண்ணு வருதும்மா” என்றார் மேலாளர். தினமும் இல்லை. ஆனால் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ் நிறைய நேரம் வரவில்லை. காப்பகத்துக்குள் நுழையும்போதே பையைத் திறந்து அவளுக்காக வாங்கிய பிஸ்கட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மிஸ் திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “என்னம்மா நீ வந்திருக்க? உன் பொண்ணு போயிட்டாளே.”

“யாரு கூட்டிக்கிட்டுப் போனாங்க மிஸ்?”

“உன் வீட்டுக்காரர்தான். வேற யாரு வருவாங்க?”

“அவர் மைன்ஸுக்குள்ள இருக்காருங்க. அவர் சொல்லித்தான் நான் வர்றேன்.”

மிஸ் திரையை என் பக்கம் திருப்பினார். வலது கட்டம். போயாச்சு. மந்தாரக்குப்பம், முதல் ஷிப்ட். பக்கத்தில் நேரம். நான் எழுதிய எழுத்து, நான் தேர்ந்தெடுத்த எழுத்தளவு.

சத்தம் கேட்டு ஆயாம்மா குழாயடியிலிருந்து ஈரக் கையோடு வந்தார். “நான் யாருகிட்டயும் குடுக்கலியே. பதினாறாம் பிளாக்கு பையனத்தான் அவங்க அப்பா சீக்கிரமா வந்தாருன்னு வுட்டேன்.” பிறகு அவரும் திரையைப் பார்த்தார். முகம் மாறியது. “பொட்டில போயிட்டுதுன்னு இருக்குதே. அப்ப குடுத்திருப்பேன் போலிருக்குது. யாருகிட்டக் குடுத்தேன்? எனக்கு ஞாபகமே இல்லியே தாயி.”

மூன்று பேர் நின்றிருந்தோம். தூங்கும் அறையின் கதவு மிஸ்ஸின் நாற்காலிக்குப் பின்னால்தான் இருந்தது. மூன்று பேரில் ஒருவர்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாசலுக்கு ஓடினேன்.

ஷிப்ட் முடிந்தவர்கள் சாலை முழுக்க வந்துகொண்டிருந்தார்கள். சைக்கிள், டூவீலர், பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டம், எல்லோர் சட்டையிலும் ஒரே பழுப்புப் புழுதி. யார் கையில் குழந்தை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஓடினேன். ஒரு வண்டியின் முன்னால் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். பின்னால் இருந்து பார்க்க அவள்தான். நான் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துவிட்டேன். வண்டி சாய்ந்தது.

“ஏம்மா, அறிவு இருக்குதா? புள்ள வுழுந்துட்டா என்ன பண்ணுவ?”

அந்தக் குழந்தை என்னைப் பார்த்தது. வேறு முகம். “என் பொண்ணக் காணலங்க” என்றேன். அவருடைய கோபம் அப்படியே அடங்கிவிட்டது. காலை ஊன்றி வண்டியை நிறுத்தினார்.

“அழுவாத. என்ன வயசு? என்ன கலர் கவுனு போட்டிருக்குது? சொல்லு, நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் பாக்கறேன்.”

என்ன கலர் என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் நான்தான் போட்டுவிட்டேன். பட்டன் மாட்டும்போது அவள் நெளிந்தது ஞாபகம் இருந்தது, நான் அதட்டியது ஞாபகம் இருந்தது. நிறம் வரவேயில்லை. “மஞ்சள்” என்றேன். உடனே “இல்லை, பச்சை” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி என்று போனார். இன்றும் அவர் யாரென்று தெரியாது. எங்கெல்லாம் தேடினாரோ.

வீட்டுக்கு ஓடினேன். நான் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. பக்கத்து வீட்டில் கேட்டேன். கணவரின் செல்போனுக்கு அடித்தேன். அது சுரங்க வாசல் லாக்கரில் கிடக்கும் என்று தெரிந்தும் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாத் தெருவுமே நீளமாகத் தெரிந்தது.  போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதென்றாலும் மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று திரும்பினேன்.

உள்ளே மிஸ் ஒவ்வொரு பெற்றோருக்கும் போன் செய்துகொண்டிருந்தார். ஆயாம்மா தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தார். அந்த நேரத்தில் இருபத்தொண்ணாம் பிளாக் அம்மா ஒருவர், தன் குழந்தையைக் கூட்டிப் போக வந்தவர், இங்கே நடப்பது எதுவும் தெரியாமல் நேரே போய்த் தூங்கும் அறைக் கதவைத் தள்ளினார்.

“மிஸ், இங்க சேருக்குப் பின்னாடி ஒரு பாப்பா முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. யாரோடது?”

பாயை விட்டு உருண்டு, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பின்னால் சுவரோரமாகப் போயிருந்தாள். கன்னத்தில் பாய்க் கோடுகள். கவுன் ஊதா நிறம். என்னைப் பார்த்ததும், “அம்மா, தண்ணி” என்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்து, தண்ணீர் கொடுத்து, அவளை இறக்காமலே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.  இடது கட்டத்தில் ‘பதினாறாம் பிளாக், ஜெனரல் ஷிப்ட்’ இன்னும் உள்ளே இருந்தது. அப்பாவோடு எப்போதோ வீட்டுக்குப் போய்விட்ட பையன். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் செய்து பார்த்தேன். கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஷிப்ட் விடும் நேரத்துக்குச் சற்று முன்னால் வைத்து, வரிகளைப் பழையபடி அடுக்கி, முதல் வரியிலிருந்த அந்தப் பையனைத் தொட்டேன். நீலம். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். டைமர் ஓடியது. முதல் ஷிப்ட் குழந்தைகள் மேலே ஏறினார்கள். பையனின் வரி கீழே இறங்கியது. நீலம் மட்டும் அசையாமல் முதல் வரியிலேயே இருந்தது. அதில் இப்போது என் மகள்.

குழந்தையை நினைவில் வைக்காமல் வரியின் எண்ணை நினைவில் வைத்திருந்தேன். ஆயாம்மா பையனைத் தொட்டுவிட்டு, அவனை வாசலில் விட்டுவிட்டு வந்து, நீலம் இருக்கிறது என்று பட்டனை அழுத்தியிருக்கிறார்.

“தப்பு ஆயாம்மா மேல இல்ல மிஸ். நான் எழுதினதுல இருக்கு” என்றேன்.

மிஸ் என் தோளில் கை வைத்தார். “நீ பயந்து போயிருக்கம்மா. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? அமுக்குனா செய்யும். அமுக்குனது யாரு?”

கீழே கிடந்த மரக்கட்டைகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். முதல் கட்டை மேல் விரலை வைத்தேன். மறு கையால் கட்டைகளை இடம் மாற்றினேன். “பாருங்க. விரல் அங்கயே இருக்கு. அடியில கட்டை மாறிடுச்சு.”

“அதான் நானும் சொல்றேன். அமுக்கறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும்ல?”

 பார்த்திருக்கலாம்தான். ஆனால் பார்க்கத் தேவையில்லாமல் இருக்கத்தானே நான் அதை எழுதிக் கொடுத்தேன்? ஆயாம்மாவைப் பார்த்தேன், அவராவது எனக்காகப் பேசுவார் என்று.

“என் கண்ணுதான் சரியில்ல தாயி” என்றார் அவர். “நீ படிச்ச புள்ள. நீ எழுதுனதுல தப்பு வருமா?”

அன்றே திருத்தினேன். இப்போது ஒவ்வொரு குழந்தைக்கும் தனி எண். அந்தக் குழந்தை எந்த வரிக்குப் போனாலும் நீலமும் கூடவே போகும். பட்டனை அழுத்தினால், ‘பதினாறாம் பிளாக் குழந்தை போயாச்சா?’ என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். மறுநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெட்டி முழுதாகத் திறப்பதற்குள் ஆயாம்மாவின் கை ‘ஆம்’ மேல் இருந்தது. அவரைச் சொல்லிப் பயனில்லை. அலுவலகத்தில் நானும் அப்படித்தான் அழுத்துகிறேன்.

கணவர் கேட்டார், “சரி பண்ணிட்டல்ல? அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிக்கினு இருக்க?”

“இன்னும் எதாவது இருக்குமோன்னு பயமா இருக்குங்க.”

“மைன்ஸ்ல கரி ஓடுற பெல்ட்டுகூடத்தான் அப்பப்ப நிக்குது. அதுக்குன்னு கரி எடுக்காமயா இருக்காங்க?”

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். ஆனால் பெல்ட் நின்றால் நின்றது எல்லோருக்கும் தெரியும். என் கட்டம் நிற்கவில்லை. அது எந்தத் தயக்கமும் இல்லாமல் தவறான குழந்தையை அனுப்பி, நேரத்தையும் எழுதிவைத்தது.

ஒரு வாரம் யோசித்துவிட்டு மிஸ்ஸிடம் போனேன். புரோகிராமை எடுத்துவிடலாம், நானே புதிதாக ஒரு போர்டு வாங்கி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டித் தருகிறேன் என்றேன்.

“புதுசா சேர்றவங்க அதைப் பாத்துத்தாம்மா சேர்றாங்க. அடுத்து வரிக்குப் பக்கத்துல போட்டோவும் வைக்கச் சொல்லலாம்னு இருந்தேன். நீயே வேணாங்கறியா?” அவர் கோபமாகச் சொல்லவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். “உனக்கு மனசு ஒப்பலைன்னா பாப்பாவை வேற எடத்துல பாத்துக்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன். புரோகிராம் இருக்கட்டும்.”

வேறு இடம் இல்லை. இருந்தாலும், என் மகளை நான் எடுத்துக்கொண்டு போய்விட்டால் மற்ற குழந்தைகள் அந்தக் கட்டத்துக்குள்தான் இருப்பார்கள். வேலையை விட்டால் மறுபடி கிடைக்காது; கணவரின் கான்ட்ராக்ட் எந்த மாதம் நிற்குமோ. அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. புரோகிராமில் இன்னொரு தப்பு இருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேடுகிறேன். கிடைக்காதபோது நிம்மதி வருவதில்லை. முதல் தப்பும் கிடைக்காமல்தான் இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் காப்பகத்துக்குப் போன் செய்கிறேன்.

“மிஸ், கொஞ்சம் உள்ள போய் பாப்பா இருக்காளான்னு பாக்கறீங்களா?”

“உள்ளதாம்மா இருக்கா. இதோ, ஸ்க்ரீன்ல இருக்கே.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறதா என்று போனைக் காதில் அழுத்திக் கேட்கிறேன். கேட்பதில்லை. நன்றி சொல்லி வைத்துவிடுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் புரோகிராம் எழுதுகிறவர்கள் இருப்பீர்கள். பார்க்காமல் அழுத்த முடியாதபடி ஒரு கட்டத்தை எப்படி எழுதுவது என்று எனக்குச் சொல்லித் தாருங்கள். குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களும் இருப்பீர்கள். அவளை அங்கேயே விட்டிருப்பது சரியா என்று சொல்லுங்கள். சரி என்றால் இன்னும் ஒன்று. போனில் எந்த வார்த்தையில் கேட்டால், எந்தக் குரலில் கேட்டால், ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போய்ப் பார்ப்பார்? நாளை மதியமும் நான் போன் செய்ய வேண்டும்.